சைலன்ஸர் மாட்டிய வீடு

நிஜத் துப்பாக்கி வைத்திருக்கும் காவலாளி நின்றால் அந்த ஏடிஎம் பக்கமே நான் போகமாட்டேன். ஆனால் எந்தத் துப்பாக்கியில் எதை மாட்டினால் எதிரி விழுவான் என்று ஊருக்குச் சொல்லித்தருவதுதான் என் தொழில்.

போனில் நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம் என்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. உங்கள் வீட்டிலும் ஒருவர் அதில் மூழ்கியிருப்பார், சோறு ஆறுகிறது என்று நீங்கள் கத்திக்கொண்டிருப்பீர்கள். அதில் வெறும் துப்பாக்கி கிடைக்கும். அதோடு மாட்டிக்கொள்ளச் சாமான்களும் கிடைக்கும்: தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் ஸ்கோப், சத்தத்தை மறைக்கும் சைலன்ஸர், உதறலைக் குறைக்கும் கைப்பிடி, கூடுதல் தோட்டா பிடிக்கும் மேகசின். எல்லாவற்றுக்கும் சேர்த்து அட்டாச்மென்ட் என்று பெயர். எதை மாட்டுவது, எதை விடுவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

தாராவியில் ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்கு மாடியில் கேம் பார்லர் ஒன்று. அங்கே ஆடுகிறவர்களின் திரை, செம்பூரில் என் வீட்டு லேப்டாப்பில் தெரியும். நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு பாடம் எடுப்பேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை. என் மகள் மிலி, ஒன்பது மாதக்காரி, தூங்கும் நேரம் அது. குழந்தையின் தூக்கத்துக்குள் ஒரு வேலையைத் திணித்துக்கொண்டு அல்லாடும் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காகத்தான். அவளும் அவள் அப்பாவும் தூங்கியபிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பீரோவில் இருந்த காகிதம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்கலாம். மிலி பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் காதுக்குள் ஏதோ மெஷின் வைத்துப் பார்த்தார்கள். வலது காது சரி, இடது காது மறுபடி பார்க்கவேண்டும் என்று ஒரு காகிதம் தந்தார்கள். அதை வாங்கியபோது என் கணவர் பிரகாஷ் கீழே மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் மேலே வருவதற்குள் காகிதத்தை நாலாக மடித்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வரச்சொன்னார்கள். நான் போகவில்லை. போனால் என்ன சொல்வார்களோ என்று பயம். பிரகாஷ் கேட்டபோது, போய்ப் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன். காகிதம் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு காலிங் பெல்லின் வயரைக் கழற்றினேன். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போட்டேன். கதவிடுக்கில் துணி வைத்தேன். வெளியே நடக்கும் கட்டடவேலையை மட்டும் ஒன்றும் செய்யமுடியவில்லை. குழந்தை தூங்கவேண்டும், நான் வேலை செய்யவேண்டும் என்று காரணம் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மை: சத்தமே இல்லாத வீட்டில், குழந்தை சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதத்தைக் கொடுத்த நர்ஸ் என்னவோ சாதாரணமாகத்தான் சொன்னார்: "காதுக்குள்ள தண்ணி நின்னிருக்கும்மா, பயப்படாம ஒரு மாசத்துல வந்து காட்டுங்க."

வேலைக்குச் சேர்ந்தது

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. எனக்கு லிஃப்ட் பயம், பல்லி பயம், பிளாட்பாரத்தில் நிற்காமல் போகும் ரயில் பயம். சும்மா படுக்கவைத்தால் கேட்கவேண்டுமா. வேறு எதையாவது நினைக்கட்டும் என்று பிரகாஷ்தான் அந்த விளையாட்டை என் போனில் ஏற்றித்தந்தார். பயந்தவர்களுக்கென்றே செய்த விளையாட்டு அது. தைரியசாலிகள் சந்து திரும்பும்போது சாகிறார்கள். நாங்கள் திரும்புவதே இல்லை. மூலையில் உட்கார்ந்து, வருகிறவனைப் பார்த்துச் சரியான சாமானை மாட்டி, மூச்சைப் பிடித்துச் சுடுவோம்.

ஒரு ஆட்டத்தில் ஒரே ஆளை மூன்று முறை அதே கிணற்றடியில் வீழ்த்தினேன். ஆட்டம் முடிந்ததும் அவரிடமிருந்து செய்தி வந்தது: என் பார்லரில் ஆடுகிறவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா? அவர்தான் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், பார்லரின் சொந்தக்காரர். குழந்தை பிறந்து மூன்று மாதம் போகட்டும் என்று பதில் எழுதினேன். அவர் அதிர்ந்துபோய்ப் போன் செய்தார். மதர் சுப்பீரியரிடம் பேசுவதுபோல, "குட் ஆஃப்டர்நூன், சார்" என்றேன். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம். அந்தக் குரல் தானாக வந்துவிடும். அண்ணாச்சி சொன்னார்: "எம்மா, நீயா என்னைய மூணு தடவ சுட்டே? குரலக் கேட்டா செபம் சொல்லுத மாதிரில்லா இருக்கு."

தயவுசெய்து

என் முதல் மாணவர் காதர் பாய். தாராவியிலேயே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பது வயது. மத்தியானத் தொழுகையும் சாப்பாடும் முடிந்தால் ஒரு மணி நேரம் பார்லரில் வந்து உட்காருவார். முதல் நாள், அவருக்குப் பின்னால் மாடிப்படியில் ஒருவன் இறங்கி வருவது எனக்குத் தெரிந்தது. மரியாதையை விடமுடியுமா? "எக்ஸ்க்யூஸ் மீ பாய், தொந்தரவுக்கு மன்னிக்கணும், தயவுசெய்து கொஞ்சம் இடதுபக்கம் திரும்பி..." என்று தொடங்கினேன்.

மகளுக்குக் கேட்குமோ என்று குரலையும் தாழ்த்தி வைத்திருந்தேன். கேட்காதோ என்ற பயம் ஒரு பக்கம், கேட்டுவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். தாய்மார்களுக்கு இது விளங்கும். நான் வாக்கியத்தை முடித்தபோது காதர் பாய் தரையில் கிடந்தார். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்க தயவுசெய்துன்னு முடிக்கறதுக்குள்ள அவன் என்னைச் சுட்டு, என் பையைக் குடைஞ்சு, சாமானையும் எடுத்துட்டுப் போயாச்சு."

எல்லாவற்றையும் மாட்டுவது

காதர் பாய்க்கு இன்னொரு பழக்கம். கையில் எது கிடைத்தாலும் துப்பாக்கியில் மாட்டிவிடுவார். நீளக் குழல், பெரிய மேகசின், தோளில் பதிக்கும் கனத்த ஸ்டாக், ஸ்கோப், கைப்பிடி, ஐந்தும். அதைச் சும்மா கொடுத்திருக்கிறான், மாட்டாமல் விடுவதா என்பது அவர் வாதம். ஒவ்வொன்றும் ஒரு நன்மை தரும், பதிலுக்கு ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும் என்றேன். பெரிய மேகசினில் தோட்டா நிறைய, ஆனால் மாற்ற நேரமாகும். நீளக் குழலில் குண்டு தூரம் போகும், ஆனால் தூக்கிக் குறிபார்ப்பதற்குள் எதிரி முந்திவிடுவான். சரி சரி என்றார். அடுத்த ஆட்டத்திலும் ஐந்தையும் மாட்டினார். துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவருவதற்குள் செத்தார். ஒரு வாரம் இப்படியே போனது.

கடைசியில் நான் வேறு வழியில் கேட்டேன். "பாய், உங்க பட்டறையில ஒரு பைக்கு எத்தனை பக்கிள் வைப்பீங்க?" ரெண்டு என்றார். எட்டு வைத்தால் என்ன? அதற்கு அவர் ஒரு பெரிய கதையே சொன்னார். குர்லாவிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து, பக்கிள், சங்கிலி, குஞ்சம், பித்தளை மூலை எல்லாம் வேண்டும் என்று கேட்டாராம்; தைத்துக் கொடுத்த பை வெறுமையாகவே இரண்டு கிலோ இருந்ததாம். வாங்கியவர்கள் எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். திரையில் சாமான் பட்டியல் திறந்தது. குழலைக் கழற்றினார். ஸ்டாக்கைக் கழற்றினார். மேகசினைக் கழற்றிச் சின்னதைப் போட்டார். அன்றைக்கு அவர் முதன்முதலாக ஒருவனை வீழ்த்திவிட்டுச் சொன்னது: "டீச்சரம்மா, நான் இத்தனை நாளும் கல்யாணப் பொண்ணுக்கான பையத் தூக்கிட்டு லோக்கல் டிரெயின்ல ஏறப் பாத்திருக்கேன்."

அண்ணாச்சியின் லேசர்

சொந்தக்காரர் என்பதால் அண்ணாச்சிக்குப் பாடம் எடுக்க முடியாது, அபிப்பிராயம் மட்டும் சொல்லலாம். அவர் எந்தத் துப்பாக்கியிலும் லேசர் மாட்டுவார். குறிபார்க்காமல் இடுப்பிலிருந்து சுடுகிறவர்களுக்கு அது உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்போது, பச்சைக் கோடு ஒன்று கதவுக்கு வெளியே நீண்டு எதிரியை வா வா என்று கூப்பிடும். அதைக் கழற்றினால்தான் மறைந்திருக்க முடியும் அண்ணாச்சி என்று மெதுவாகச் சொன்னேன். முப்பது வருடம் கடை நடத்தியவர் ஆட்டத்தை நிறுத்தாமலேயே கேட்டார்: "போர்டுல லைட்டு எரியாத கடைக்கு எவன் டீச்சர் வருவான்?"

மாமியின் கண்ணாடி

விஜயா மாமி மாட்டுங்காவில் தன் வீட்டிலிருந்தே போனில் என் பாடத்துக்கு வருகிறவர். மாமா ஆபீஸிலிருந்து ரிடையர் ஆனவர், மகன் டொரண்டோவில். மகனோடு போனில் பேசினால் அவன் "ம்" என்பான், "சரிம்மா" என்பான், அவ்வளவுதான். அவன் இந்த விளையாட்டை ஆடுகிறான் என்று தெரிந்து மாமியும் இறங்கிவிட்டார். இப்போது வாரம் மூன்று நாள் மகன் அவரோடு ஒரு மணி நேரம் பேசுகிறான். பெரும்பாலும் "அம்மா, குனி" என்று.

மாமிக்கு ஆறு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பின் மேல் தீராத ஆசை. வயலில் இருந்தாலும் அதுதான், குளியலறைக்குள் ஒளிந்திருந்தாலும் அதுதான். ஒரு நாள் வாசலில் வந்து நின்ற எதிரியை அவரால் பார்க்கவே முடியவில்லை. "ஏண்டிம்மா, சட்டைப் பட்டன் ஒண்ணு தெரியறது, மனுஷனைக் காணோமே" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குண்டு விழுந்துவிட்டது. பெரிய ஸ்கோப் தூரத்துக்கு மட்டும்தான் மாமி, கிட்டத்தில் பக்கவாட்டை எல்லாம் மறைத்துவிடும், கை நடுக்கத்தையும் ஆறு மடங்காக்கிக் காட்டும் என்றேன். ஒரு துப்பாக்கியில் அது இருக்கட்டும், இன்னொன்றில் சிவப்புப் புள்ளி மட்டும் உள்ள சின்னக் கண்ணாடி போதும், அறைக்குள் நுழையுமுன் மாற்றிக்கொள்ளுங்கள். மாமி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "இதைத்தான் கண் டாக்டர் எனக்கு ரெண்டு வருஷமா சொல்லிண்டிருக்கார், படிக்கற கண்ணாடியப் போட்டுண்டு மாடிப்படி இறங்காதேள்னு."

வயர் கழன்ற மத்தியானம்

இதுவரைக்கும் சிரிப்புதான். ஒரு புதன்கிழமை, தரையில் கிடந்த ஹெட்போன் வயரில் என் கால் மாட்டிக்கொண்டது. வயர் கழன்றது. பார்லரில் நாலு பேர் ஒரே சமயத்தில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பின் ஒலி முழு அளவில் இருந்தது. எட்டு மாதமாக நான் துணி வைத்து அடைத்துக் காத்த அறையில் ஒரு யுத்தமே நடந்தது. மேஜை அதிர்ந்தது. நான் கத்தியே விட்டேன்.

மிலி தூங்கிக்கொண்டிருந்தாள். வலது பக்கமாக ஒருக்களித்து, வலது காது தலையணையில் புதைந்து, இடது காது மேலே பார்த்தபடி. கண்ணிமைகூட அசையவில்லை. லேப்டாப்பை மூடவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அந்த இடது காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மைக் திறந்திருந்ததால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் என் அலறல் கேட்டிருக்கிறது. என்ன ஏது என்று விசாரித்தார்கள். குழந்தை முழிக்கவில்லை என்று எப்படியோ சொல்லிமுடித்தேன். பார்லரே கைதட்டியது. அண்ணாச்சியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "பாத்தியளா டீச்சர், இது நம்ம கடைப் பிள்ளை, குண்டுக்கெல்லாம் அசையாது."

எவர்சில்வர் தட்டு

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரகாஷ் வேலைக்குப் போனதும் சோதனையைத் தொடங்கினேன். மிலியைப் பாயில் உட்காரவைத்து, இடதுபக்கமாகப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழம்புச் சட்டியில் அடித்தேன். பொம்மையின் மறுகாலைக் கடித்தாள். போனில் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியை எடுத்து, சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, அவள் இடது காதுப் பக்கம் ஐந்து முறை சுட்டேன். கொட்டாவி விட்டாள்.

வெளியே பக்கத்து மனையில் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அஸ்திவாரத்துக்குக் கம்பம் அடிக்கும் இயந்திரம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் டமார் டமார் என்று போடும். ஒருவேளை அதில் என் தட்டுச் சத்தம் கேட்கவில்லையோ என்று இரண்டு தட்டை எடுத்து ஒன்றோடொன்று மோதினேன். அப்போது கதவைத் தட்டியது கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா. எங்கள் கட்டடத்தில் இருபது வருடம் இருந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர், ஆனால் என்னைப் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார். ஒரு கையில் தட்டும் மறுகையில் தட்டுமாகக் கண் சிவந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாபி, நீ பாத்திரம் தேய்க்கிறியா, இல்ல ஒடைக்கிறியா?"

காட்கோபருக்கு எதிராக

அந்த ஞாயிற்றுக்கிழமை காட்கோபர் பார்லரோடு எங்களுக்குப் பந்தயம். ஜெயித்தால் கிடைப்பது ஒரு பிளாஸ்டிக் கோப்பை; ஆனால் காட்கோபர்க்காரர்கள் போன தடவை அண்ணாச்சியின் லேசரைக் கிண்டலடித்ததை யாரும் மறக்கவில்லை. முந்தின நாள் நான் எடுத்த பாடம் சைலன்ஸர். மாட்டினால் எதிரியின் வரைபடத்தில் நீங்கள் சிவப்புப் புள்ளியாகத் தெரியமாட்டீர்கள். ஆனால் குண்டு தூரம் போனால் வலுவிழந்துவிடும், அதனால் கிட்டே போகவேண்டும். கிட்டே போனால் உங்கள் காலடி கேட்கும். "வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பமாட்டாங்க, எந்நேரமும் வெடிச்சுக்கிட்டேதான் இருக்கு. பழகின பெரிய சத்தம் காதுல விழாது. புதுசா ஒரு சின்னச் சத்தம் வந்தாத்தான் தலை திரும்பும்" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அப்படி ஒரு மரமண்டை நான்.

கடைசி நிமிடம். எங்கள் பக்கம் காதர் பாய் ஒருவர்தான் மிச்சம், அந்தப் பக்கம் இரண்டு பேர். ஞாயிறு, அப்பா வீட்டில் இருக்கும் உற்சாகத்தில் மிலி தூங்காமல் என் மடியில். காதர் பாய் சைலன்ஸரும் கைப்பிடியும் மட்டும் மாட்டியிருந்தார். நடந்தால் சத்தம் வரும் என்று தரையோடு தரையாக ஊர்ந்துபோய், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் எழுந்தார். முதல் ஆள் விழுந்தது இரண்டாவது ஆளுக்குத் தெரியவே இல்லை. மிலி மைக்கைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு "பாபாபா" என்றாள், பார்லர் ஸ்பீக்கர் முழுக்க. இரண்டாவது ஆளும் விழுந்தான். அத்தனை கூச்சலுக்கு நடுவில் காதர் பாய் நிதானமாக மைக்கில் சொன்னார்: "டீச்சரம்மா, பாப்பா சுடுன்னுது, சுட்டுட்டேன், தயவுசெய்து எல்லாம் சொல்லலை."

மாமி கண்டுபிடித்தது

மறுநாள் மாமிக்குப் பாடம். காலடி எந்தப் பக்கம் என்று ஹெட்போனில் கேட்டுச் சொல்லப் பயிற்சி. ஏழெட்டு முறை ஆனதும் மாமி நிறுத்தினார். "ஏண்டி, எட்டுத் தடவையும் இடதுபக்கமே கேக்கற. வலதுபக்கம் எதிரியே கிடையாதா?" என்றார். அவர் முகத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காகிதம், பிரகாஷிடம் சொன்ன பொய், வயர், தட்டு, குழம்புச் சட்டி.

மாமி ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. தட்டு அடித்தபோது வெளியே என்ன சத்தம் இருந்தது என்று கேட்டார். கம்பம் அடிக்கும் இயந்திரம் என்றேன். தினமுமா என்றார். குழந்தை பிறந்ததிலிருந்து என்றேன். மாமி கேட்டார்: "வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பமாட்டான்னு முந்தாநேத்து எங்களுக்குப் பாடம் எடுத்தவ யாரு? நித்தம் டமார் டமார்னு கேக்கற கொழந்தை உன் தட்டுக்கு ஏன் திரும்பணும்? ஆனா இதை நீயும் சொல்லப்படாது, நானும் சொல்லப்படாது, மெஷின் சொல்லட்டும். நாளைக்குப் பாடம் வேண்டாம், போய்க் காட்டிட்டு வா."

பிரகாஷ்

அன்று அவர் ஆபீஸிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தைப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார். திட்டுவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். காகிதத்தை மறுபடி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்துபோய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். எட்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த காலிங் பெல் வயரை ஒருமுறை தொட்டுப்பார்த்தார். திரும்பி வந்து கேட்டது இவ்வளவுதான்: "எத்தனை மணிக்குப் போகணும், நான் லீவு சொல்லணுமே?"

மிட்டாய்க் காகிதம்

காது பார்க்கும் அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு அடைத்து எங்கள் வீட்டைவிட அமைதியாக இருந்தது. பரிசோதிக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் இந்தியில் தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார். அம்பர்நாத்தில் வளர்ந்தவராம். மிலியை என் மடியில் உட்காரவைத்தார். இடதுபக்கம் நின்று சின்னத் தப்பட்டை மாதிரி ஒன்றைத் தட்டினார். மிலி மேலே விளக்கைப் பார்த்தாள். கிலுகிலுப்பையை ஆட்டினார். மிலி என் தாலியைக் கடித்தாள். அவர் காகிதத்தில் ஏதோ குறித்தார். பிரகாஷின் கை என் தோளில் இருந்தது, அது கனத்தது.

பிறகு அவர் எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். முற்றிலும் அமைதி. மிலிக்குப் பின்னால் இடதுபக்கம் குனிந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, காகிதத்தை விரல் நுனியால் மெல்லக் கசக்கினார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மிலி தாலியை விட்டாள். கழுத்தை முழுக்கத் திருப்பி, இடதுபக்கம் எட்டிப்பார்த்து, கையை நீட்டினாள். காதர் பாய் ஊர்ந்துபோனபோது எதிரி அப்படித் திரும்பியிருந்தால் எங்களுக்குக் கோப்பை கிடைத்திருக்காது. வலதுபக்கமும் அப்படியே. அதன்பிறகு காதுக்குள் மெஷின் வைத்தும் பார்த்தார்கள். இரண்டு காதும் சரி.

நான் அழுதேன், பிரகாஷ் மிட்டாயைத் தின்றார். பெரிய சத்தம் இவளுக்குப் பழகிவிட்டது, நீங்கள் வீட்டுக்குள் அமைதியாக வைத்திருந்ததால் சின்னச் சத்தம்தான் இவளுக்குச் செய்தி என்று அந்தப் பெண் விளக்கினார். பீரோவில் இருந்து வந்த பழைய காகிதத்தைப் புரட்டிப்பார்த்து, நர்ஸ் எழுதிய தேதியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அப்படி எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் சொன்னார்: "பாப்பாவுக்கு நல்லாக் கேக்குது, அன்னைக்கு நர்ஸ் ஒரு மாசத்துல வாங்கன்னு சொன்னது உங்களுக்குத்தான் கேக்கலை."

வீட்டுக்கு வந்ததும் பிரகாஷ் காலிங் பெல்லை மறுபடி மாட்டிவிட்டார், மிலி அதற்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பிஸ்கட் டப்பாவைத் தொட்டால் அடுத்த அறையிலிருந்து தவழ்ந்து வருகிறாள். தேவையில்லாததை மாட்டாதீர்கள், கனக்கும் என்று தாராவிக்கே பாடம் எடுத்த நான், நாலாக மடித்த ஒரு காகிதத்தை மட்டும் இத்தனை மாதம் கழற்றாமல் தூக்கித் திரிந்திருக்கிறேன்.